மெழுகுதிரி படம் போட்ட உறை

இரண்டாம் வகுப்பில் நான் மூன்று வருடம் படித்தேன். அந்த வகுப்பை அவ்வளவு ஆழமாகப் படித்தவர் எங்கள் ஊரில் வேறு யாரும் இல்லை. நாலாவது வருடமும் இருக்க எனக்கு விருப்பம்தான். ஆனால் வாங்குப் பலகைக்குக் கீழே கால் மடக்க இடம் போதவில்லை. "இவன கடலுக்கு விடுங்க, மீனுக்காவது பிரயோசனப்படுவான்" என்று வாத்தியார் அண்ணனிடம் சொன்னாராம். அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்விட்டதால் என்னைப் பற்றிய முறைப்பாடுகள் எல்லாம் அண்ணனிடம்தான் வரும். அவர் என்னைத் தன் போட்டில் ஏற்றிக்கொண்டார்.

அந்தப் படிப்பின் பலனாகத் தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். பேர்களைப் பெரிய எழுத்தில் எழுதுவேன். சிங்களம் வாயில் தண்ணீர் மாதிரி ஓடும். அது சிலாபத்து மீன் முதலாளிமாரோடு சண்டை பிடித்துப் பழகியது. எழுதிய சிங்களம் மட்டும் எனக்கு நண்டு நடந்த மணல். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், அண்ணனுடைய மகளின் முதல் நத்தார் அன்று, அந்தக் கிறிஸ்மஸ் நாளில், நான் செய்த வேலைக்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை. கெட்ட எண்ணம் இல்லை. கெட்ட எண்ணத்துக்கும் கொஞ்சம் மூளை வேண்டும்.

அந்த நத்தாருக்கு ஐந்து கிழமைக்கு முன்பு, நவம்பரில், அண்ணன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை.

நானும் போயிருக்க வேண்டும். முதல் நாள் எத்தாளையில் ஒரு கல்யாண வீட்டில் நண்டுக் கறியை மனிதன் சாப்பிடுகிற அளவுக்கு மேல் சாப்பிட்டிருந்தேன். விடியற்காலை அண்ணன் வலையை எல்லாம் ஏற்றிவிட்டுக் கூப்பிடும்போது நான் கக்கூசுக்குள் இருந்தேன். இரண்டு தரம் கூப்பிட்டார். மூன்றாவது தரம் கதவைத் தட்டி, "நீ உள்ளுக்கே இருந்து குட்டி போடு, நான் போறன்" என்றார். அதுதான் அவர் என்னோடு கதைத்த கடைசிக் கதை. மற்றவர்களுடைய உயிரை அந்தோனியார் காப்பாற்றினார், மாதா காப்பாற்றினா என்று சொல்வார்கள். என்னுடைய உயிரைக் காப்பாற்றியது எதுவென்று கோயிலில் சாட்சி சொல்ல முடியாது.

மத்தியானம் காற்று கிளம்பியது. பின்னேரம் மற்றப் போட்டுகள் எல்லாம் வந்து சேர்ந்தன. ஒன்பது நாள் தேடினோம். கடற்படையும் தேடியது. ஐந்தாம் நாள், கற்பிட்டிப் பக்கத்து முஸ்லிம் நானா ஒருவர் அண்ணனுடைய போட்டை இழுத்துக்கொண்டு வந்தார்.

"கவுந்து கிடந்திச்சு தம்பி. எஞ்சின் ஈக்கி, ஆள் இல்ல. அல்லாஹ் மேல ஆணையா, அந்தப் பக்கம் முழுக்க சுத்திப் பாத்துட்டுத்தான் வாறோம்" என்றார் அந்த நானா. அண்ணியின் முகத்தைப் பார்க்காமல், போட்டின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அண்ணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போட்டைச் சுற்றி வந்து பார்த்தா. பிறகு சொன்னா: "போட்டுக்குத்தானே ஒண்டு நடந்திருக்கு. அவருக்கு என்ன நடந்திச்செண்டு ஆருக்குத் தெரியும்?"

அண்ணியிடம் ஒரு கதை இருந்தது, பொய்க் கதையும் இல்லை. பக்கத்து ஊரில் ஒரு மனிதர் இப்படித்தான் காணாமல் போனார். வேறு நாட்டுப் போட் ஒன்று அவரை ஏற்றிக்கொண்டுபோய், அங்கே மறியலில் அடைத்து வைத்து, பதினொரு மாதம் கழித்து அனுப்பினார்கள். வந்தவர் சுவரில் மாலை போட்டிருந்த தன்னுடைய படத்துக்கு முன்னால் நின்றுதான் பல் விளக்கினார். அண்ணி அந்தக் கதையை வருகிறவர்கள் எல்லோருக்கும் சொன்னா. பிள்ளைக்கும் சொன்னா. பிள்ளைக்கு அப்போது எட்டு மாதம்.

கறுப்பு உடுக்கவில்லை. படம் மாட்டவில்லை. அண்ணனுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்க விடவில்லை. டிசம்பர், எங்களுக்கு மார்கழி, பிறந்ததும் வாசலில் நட்சத்திரம் கட்டச் சொன்னா. ஏணியில் ஏறிக் கட்டினேன். றோட்டால் போன இரண்டு பெண்கள் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார்கள். எங்கள் ஊரில் பெண்கள் ஒன்றும் சொல்லாமல் போனால் பெரிய விஷயம் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் வழக்கம் இது. நத்தாருக்கு எல்லா வீட்டிலும் பலகாரம் சுட்டு, தட்டில் வைத்து, துணியால் மூடி அயலுக்கு அனுப்புவார்கள். வாங்குகிற வீடு அதே தட்டில் தங்கள் பலகாரத்தை வைத்துத் திருப்பி அனுப்பும். சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் பலகாரத்துக்கு அடுப்பு மூட்டுவதில்லை. அங்கே தட்டு வரும், கழுவி வெறுமையாகப் போகும். அவ்வளவுதான் வித்தியாசம். அண்ணிக்கு அந்த வருடம் உலகத்திலேயே ஒரு விஷயம்தான் முக்கியம்: எங்கள் வீட்டிலிருந்து தட்டு நிரம்பிப் போக வேண்டும்.

"பிள்ளைட முதல் நத்தார்" என்றா. "அவர் வந்து கேப்பார், பிள்ளைக்கு என்ன செஞ்சிங்க எண்டு. நான் என்ன சொல்ற? நீங்க செத்திட்டீங்க எண்டு சும்மா இருந்தோம் எண்டா?"

ஒரு சிவப்பு உடுப்பு இருந்தது. பிள்ளை பிறந்து இரண்டு மாதத்தில் அண்ணன் புத்தளத்தில் வாங்கியது. அப்போது அதற்குள் மூன்று பிள்ளைகளை வைக்கலாம். "நத்தாருக்கு அளவா வரும்" என்று அலுமாரிக்குள் வைத்தார். மார்கழி முதல் கிழமை அண்ணி அதைப் போட்டுப் பார்த்தா. அளவாகத்தான் வந்தது.

நான் பாலன் குடில் கட்டினேன். கடற்கரை மணலும் தென்னோலையும் நிறைய இருந்தன, ஆள்தான் குறைவு. மூன்று இராசாக்களில் ஒருவர் போன வருடம் உடைந்துபோனார். அவருடைய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பொலிஸ்காரனை நிறுத்தினேன். ஆடு இல்லாததால் ஒரு பிளாஸ்டிக் தாரா வாத்து. அண்ணி வந்து பார்த்தா. ஒரு காலத்தில் விழுந்து விழுந்து சிரித்திருப்பா. "பொலிஸ்காரன் எதுக்கு?" என்று மட்டும் கேட்டா. "பாலனைக் கொல்ல வாற ஏரோதைப் பிடிக்க" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனா.

உறைக்கு வருகிறேன்.

கோயில் வாசலில் ஒரு மேசை போட்டு, பூசைக் கருத்து, அதாவது யாருக்காகப் பூசை என்று, எழுதிக் கொடுக்கிற உறைகளை வைத்திருப்பார்கள். பேரை எழுதி, காணிக்கையை உள்ளே வைத்துப் பெட்டியில் போட்டால், அந்தப் பேரைப் பூசைக்கு முன்னால் வாசிப்பார்கள். மார்கழி முதல் ஞாயிறு, அண்ணிக்குச் சொல்லாமல் ஒரு நல்ல காரியம் செய்ய எனக்கு ஆசை வந்தது. நத்தார்ப் பூசையில் அண்ணன், அண்ணி, பிள்ளை மூன்று பேருடைய பேரையும் ஒன்றாக வாசித்தால் அண்ணியின் மனம் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன்.

மேசையில் இரண்டு குவியல் இருந்தது. ஒன்றில் நட்சத்திரம், மற்றதில் மெழுகுதிரி. எழுத்து எல்லாம் சிங்களம். பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். மெழுகுதிரி போட்டதை எடுத்து, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, உதட்டை அசைத்து, வாசித்து முடித்த ஆள் மாதிரி இரண்டு தரம் தலையை ஆட்டினேன். நட்சத்திரம் வீடு வீடாக நத்தார்ப் பாட்டுப் பாடப் போகிற பிள்ளைகளுக்கு என்று என் மூளை முடிவு செய்தது. பக்கத்தில் நின்றவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தாடி வளர்ந்த வயதில் "இதில் என்ன எழுதியிருக்கு?" என்று கேட்க வெட்கம். மூன்று பேருடைய பேரையும், அப்பாமார் பேரோடு சேர்த்து, ஒரு பிழையும் இல்லாமல் எழுதி, நத்தார்ப் பூசைக்கு என்று கீழே குறித்துப் பெட்டியில் போட்டேன். அவ்வளவு அழகாக என் வாழ்க்கையில் நான் எழுதியதே இல்லை.

அது செத்தவர்களுக்காக, ஆத்துமாக்களின் மாதமான நவம்பரில், கொடுக்கிற உறை. மிஞ்சினதை அப்படியே மேசையில் விட்டிருந்தார்கள்.

நத்தார் அன்று பிள்ளைக்காக நடுச்சாமப் பூசையை விட்டுவிட்டுக் காலைப் பூசைக்குப் போனோம். அண்ணி மஞ்சள் சேலை கட்டியிருந்தா. பிள்ளை சிவப்பில். முன்னுக்கு மூன்றாவது வாங்கில் போய் உட்கார்ந்தோம். ஆட்கள் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார்கள், அண்ணியைப் பார்த்ததும் சிரிப்பை மடித்து வைத்துக்கொண்டார்கள்.

ஒரு பெட்டைப் பிள்ளை கருத்துகளை வாசித்தாள். முதலில் நன்றிக்காக, சுகத்துக்காக. நான் நிமிர்ந்து உட்கார்ந்து, எங்கள் பேர் வரும்போது அண்ணியின் முகத்தைப் பார்க்க ரெடியாக இருந்தேன். வரவில்லை. பக்கம் மாறிவிட்டாள் போல என்று நினைத்தேன். பிறகு அவள் குரலை இறக்கி, "மரித்த விசுவாசிகளின் ஆத்தும இளைப்பாற்றிக்காக" என்று தொடங்கினாள். நாலாவதாக அண்ணனுடைய பேர், அப்பாவின் பேரோடு சேர்த்து.

அண்ணியுடைய பேரும் பிள்ளையுடைய பேரும் வரவில்லை.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. முதலில் விளங்கியது மற்றவர்களுக்கு. கோயில் முழுக்க ஒரே ஆள் மூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது. பின்னால் யாரோ ஒரு பெண் அழத் தொடங்கினா. ஐந்து கிழமையாக அவர்கள் எல்லோரும் இதற்காகத்தான் காத்திருந்தார்கள் என்பது அந்தச் சத்தத்தில் தெரிந்தது. அண்ணி திரும்பவில்லை. பிள்ளை முக்காட்டைப் பிடித்து இழுக்க, அண்ணி அந்தச் சின்னக் கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தா.

பூசை முடிந்து மணல் றோட்டில் வரும்போதுதான் வாய் திறந்தா.

"ஆர் குடுத்தது?"

"தெரியாது அண்ணி" என்றேன். சிலுவையடியில் நின்று பொய் சொன்ன மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்தால் வாசல் கதிரையில் துணியால் மூடிய தட்டு இரண்டு. நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே முன்வீட்டு மாமி மூன்றாவதைக் கொண்டுவந்து வைத்தா. "பிள்ளைக்கு, மகள்" என்றா. அழுத கண். சாவு வீட்டுக்கு வருகிற தட்டு மாதிரி இருந்தது, அண்ணி அதைத் தொடவில்லை.

"மூப்பர்தான்" என்றா, மாமி போனதும். மூப்பர் எங்கள் கோயில் காரியங்களைப் பார்க்கிற பெரியவர், கருத்துகளைப் பார்த்து எழுதுவதும் அவர்தான். "அந்த மனுசன்தான் எழுதியிருக்கார். பிள்ளையைப் பிடி. நான் போய் நல்லாக் கேட்டுட்டு வாறன்."

வாசல் படலை வரைக்கும் போய்விட்டா.

"அண்ணி, நான்தான்."

"என்ன நீதான்?"

"உறை. நான்தான் போட்டன். மெழுகுதிரி படம் இருந்திச்சு, நத்தாருக்கு எண்டு நினைச்சிட்டன். மூணு பேர்ட பேரும் எழுதினன். அண்ணன்ட, உங்கட, பிள்ளைட."

என்னைப் பார்த்தபடி நின்றா. "அப்ப என்னையும் பிள்ளையையும் சேத்தா சாக்காட்டினாய்?"

"எழுதினபடி பாத்தா... ஓம்."

சிரித்தா. ஐந்து கிழமைக்குப் பிறகு முதல் தரம். நான் சொன்ன எந்தப் பகிடிக்கும் யாரும் அப்படிச் சிரித்ததில்லை, இனி யாரும் சிரிக்கவும் வேண்டாம். பிள்ளை பயந்துபோய் அழுதது. சிரிப்பு நின்றதும் அண்ணி கேட்டா: "மூணு பேர் எழுதினாய். அப்ப ஏன் அவரை மட்டும் வாசிச்சாங்க?"

இரண்டாம் வகுப்பில் மூன்று வருடம் படித்த எனக்கு அந்தக் கேள்வி அதுவரைக்கும் வரவே இல்லை.

அண்ணி குசினிக்குள் போய், செய்து வைத்திருந்த பலகாரங்களை, தொதலையும் கேக்கையும் கொக்கிசையும் எடுத்து, எங்கள் வீட்டுத் தட்டுகளில் அடுக்கினா. ஒவ்வொரு துண்டும் நேராக இருந்தது.

"வீடு வீடாக் கொண்டுபோ. பேர் வாசிச்சது பிழை எண்டு சொல்லு. நீ ஒரு மடையன், அதால வந்தது எண்டு சொல்லு."

"அது எல்லாருக்கும் தெரியும் அண்ணி."

"இண்டைக்கு நீயே சொல்லு."

போனேன். முன்வீட்டு மாமி தட்டை வாங்கிக்கொண்டு, நான் சொன்னதை முழுக்கக் கேட்டா. "சரி மகன், பிழைதான், பிழைதான்" என்று என் முதுகைத் தடவினா. காய்ச்சல்காரனுக்குத் தடவுகிற மாதிரி. ஒரு சொல்லும் நம்பவில்லை.

அடுத்த வீட்டு வளவில் ஆண்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள். மெழுகுதிரி, நட்சத்திரம், நான் தலையை ஆட்டி வாசித்தது எல்லாவற்றையும் சொன்னேன். நடித்தும் காட்டினேன். எனக்கு அந்த வியாதி இருக்கிறது, நாலு பேர் நின்றால் நடிப்பு வந்துவிடும். சிரித்தார்கள்.

"பிறந்த பிள்ளைக்கும் சேத்து, செத்த ஆத்துமாக்கள் உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு டிக்கட் எடுத்திருக்கான் இவன்!" என்றான் ஒருவன்.

"காசு குடுத்து எடுத்திருக்கான்டா!" என்றான் இன்னொருவன்.

என்னோடு ஒன்பது நாளும் தேடின கூட்டாளி மட்டும் சிரிக்கவில்லை. போத்தலை மணலில் வைத்துவிட்டு எழும்பி வந்தான். "நீயும் நானும் ஒண்டாத்தானே தேடின. அந்தக் காத்துக்குள்ள ஒரு மனுசன் எவ்வளவு நேரம்டா இருப்பான்? நீயே சொல்லு. அண்ணிக்கிட்ட வேணாம், எனக்கிட்டச் சொல்லு." நான் தட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.

மூப்பர் வெள்ளைச் சாரம் கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்று கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வா. காலையில இருந்து உன்னைத்தான் பாத்துக்கொண்டு இருக்கன்" என்றார்.

"நான் பிழையான உறை எடுத்திட்டன்."

"தெரியும். உன்ட எழுத்தைக் கண்டவுடனேயே தெரியும். உசிரோட இருக்கிற பிள்ளையை ஆர் அதில எழுதுவான்? ரெண்டு பேரை நான்தான் வெட்டினன்."

"அப்ப மூணையும் வெட்டியிருக்கலாமே. இல்லாட்டி மற்ற லிஸ்டில மாத்தி இருக்கலாமே. பூசை வைக்கிற சாமியிட்டக் கேட்டிருக்கலாமே." என் குரல் உயர்ந்துவிட்டது. மூப்பரோடு நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தரம்.

அவர் கையில் இருந்த தீனை எல்லாம் ஒரேயடியாகக் கொட்டினார்.

"வெட்டத்தான் பேனையை வெச்சன் தம்பி. வெட்டினா அவனுக்கு ஒண்டும் இல்லாமப் போயிடும். அஞ்சு கிழமை. ஒரு பூசை இல்ல, ஒரு மணி அடிக்கல்ல, ஒருத்தன் ஒரு செபம் சொல்லல்ல. உங்கட அண்ணிக்குப் பயந்து நாங்க எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறம். உசிரோட இருந்தா அந்தச் செபம் அவனுக்கு ஒரு கெடுதியும் செய்யாது. இல்லாட்டி, அவன் அங்க ஆருமில்லாம நிக்கிறான்." என்னைப் பார்த்தார். "நான் செஞ்சது பிழை எண்டா சொல்லு. வந்து அவட காலில விழுறன். வெட்டியிருக்கோணுமா?"

என்னிடம் எப்போதும் ஒரு பதில் இருக்கும். செத்த வீட்டில்கூட பாடைக்குப் பக்கத்தில் நின்று ஒன்று எடுத்து விடுவேன். அன்று "வெட்ட வேணாம்" என்ற வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. அண்ணன் இனி இல்லை என்பது ஒன்பதாம் நாளே எனக்குத் தெரியும். அண்ணியோடு சேர்ந்து நட்சத்திரம் கட்டியதும் தொதல் கிண்டியதும் நம்பிக்கையால் இல்லை. அண்ணன் செத்தார் என்று ஆகிவிட்டால், அவரைத் தனியாக அனுப்பியவன் நான் என்றும் ஆகிவிடும். நான் அந்த வீட்டில் நடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

மூப்பர் என் கையிலிருந்த தட்டை வாங்கினார். வெறுமையாகத் திருப்பித் தரவில்லை. உள்ளே போய் நாலு பயத்தம் பணியாரம் வைத்துக் கொண்டுவந்தார். "அவ எப்பிடி நினைக்கிறாவோ, அப்பிடியே இருக்கட்டும்" என்றார்.

வீட்டில் அண்ணி குடிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்திருந்தா. பிள்ளை தாராவை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தது.

"சொன்னியா?"

"சொன்னன்."

"என்ன சொன்னாங்க?"

நல்ல பொய் மூன்று நாலு கைவசம் இருந்தது. ஒன்றையும் எடுக்க மனம் வரவில்லை. "ஒருத்தரும் நம்பல்ல அண்ணி" என்றேன். மூப்பர் சொன்னதை, பேனையை வைத்தது முதல், அப்படியே சொன்னேன். ஆருமில்லாமல் நிற்கிறான் என்ற இடத்தில் நிறுத்தப் பார்த்தேன். "முழுக்கச் சொல்லு" என்றா. சொன்னேன். என்னிடம் அவர் கேட்டதையும், நான் சொன்ன பதிலையும்.

அண்ணி அழுவா, அடிப்பா, என்னை வீட்டை விட்டுப் போகச் சொல்லுவா என்று எல்லாம் எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. எழும்பி வாசலுக்குப் போய், காலையிலிருந்து தொடாமல் கிடந்த தட்டுகளில் மாமி வைத்த தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தா. எறும்பு ஏறியிருந்தது. துணியை உதறி, ஊதி, கேக்கில் ஒரு நகத்தளவு கிள்ளிப் பிள்ளையின் வாயில் வைத்தா.

பிள்ளை முகத்தைச் சுளித்தது. பிறகு சப்பிப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தது. அண்ணி இன்னும் கொஞ்சம் கிள்ளினா.

"நாளைக்கு மூப்பரிட்டப் போ" என்றா, என்னைப் பார்க்காமல். "அவருக்கு ஒரு பூசை ஒப்புக்குடுக்கோணும். மூப்பரையே எழுதச் சொல்லு. நீ எழுதாத."

பிள்ளை மூன்றாம் தரமும் வாயைத் திறந்தது.